ராத்திரியில் மட்டும் ஒரு ஈஎல்34 சிவக்கிறது. பயாஸை எந்த நேரத்தில் செட் செய்வது?

ஆறுதந்தி_கோத்தகிரி

வணக்கம். அரவேனு பக்கம் இருக்கிறேன். என்னிடம் உள்ளது மார்ஷல் 2204 சர்க்யூட்டை வைத்துக் கோயம்புத்தூரில் நண்பர் ஒருவர் கட்டிக்கொடுத்த 50 வாட் கிட்டார் டியூப் ஆம்ப் ஹெட். பவர் பகுதியில் இரண்டு ஈஎல்34 டியூப், முன்னால் மூன்று ஈசிசி83 டியூப். ஃபிக்சட் பயாஸ் (டியூபின் இழுப்பை அடக்க அதன் கிரிட்டுக்குக் கொடுக்கிற நெகட்டிவ் வோல்டேஜ்), உள்ளே அதைத் திருகி வைக்க ஒரே ஒரு பிரீசெட், இரண்டு டியூபுக்கும் சேர்த்து அதுதான். ஒவ்வொரு டியூபின் கேத்தோடிலிருந்தும் சேஸிஸுக்கு ஒரு 1 ஓம் ரெசிஸ்டர் போட்டிருக்கிறார், அதனால் மீட்டரில் எத்தனை மில்லிவோல்ட் வருகிறதோ அத்தனை மில்லிஆம்ப் என்று நேராகப் படித்துவிடலாம்.

போன வாரம் புது ஈஎல்34 இரண்டு மாட்டினேன். மேட்ச் செய்த ஜோடி இல்லை, தனித்தனியாகக் கிடைத்தவை. சாயங்காலம் ஏழு மணி வாக்கில் ஸ்பீக்கர் கேபினெட்டை மாட்டி, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, கொஞ்ச நேரம் சூடாக விட்டு அளந்தேன். பிளேட்டில் 411 வோல்ட். ஈஎல்34-இன் பிளேட்டுக்கு எல்லை 25 வாட், எல்லோரும் சொல்கிற 70 சதவீதம் என்றால் 17.5 வாட், அதை 411-ஆல் வகுத்தால் 42 மில்லிஆம்ப் சொச்சம். ஒரு டியூபை 42-இல் நிறுத்தினால் அடுத்தது 48 காட்டுகிறது. வாசித்தால் சத்தம் அருமை, கிட்டார் வால்யூமைக் குறைத்தால் சுத்தமாகிறது, கூட்டினால் கடிக்கிறது. இதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

சிக்கல் ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான். 48 காட்டுகிற டியூபின் பிளேட்டில், பக்கவாட்டு மடிப்பை ஒட்டி, மங்கலாக ஒரு சிவப்பு. ஃபிலமென்ட் வெளிச்சம் இல்லை, விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன், பிளேட்டின் தகடேதான் சிவக்கிறது. உடனே ஸ்டாண்ட்பையில் போட்டுவிட்டேன். மறுநாள் சாயங்காலம் அதே டியூப், அதே செட்டிங், மணிக்கணக்கில் ஓடியும் சிவப்பே இல்லை. ராத்திரி ஆனால் மறுபடியும்.

படுகர்களின் ஹெத்தை ஹப்பா திருவிழாவை ஒட்டி ஊரில் பாட்டு நிகழ்ச்சி இருக்கிறது, அது நள்ளிரவைத் தாண்டித்தான் முடியும். அதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும். டியூப் கெட்டதா, பயாஸ் தானாக நகர்கிறதா? இன்னொன்று, இங்கே ராத்திரி நல்ல குளிர், குளிருக்கு ஆம்ப் இன்னும் சுகமாக அல்லவா ஓட வேண்டும், ஏன் தலைகீழாக நடக்கிறது?


பிக்கப்_குன்னூர்

ப்ரோ, அந்த ஒரு டியூப் காலி. 42-க்கு 48 என்றாலே ஜோடி சரியில்லை என்று அர்த்தம், மேட்ச் செய்த ஜோடி ஒன்று வாங்கி மாட்டி மறுபடி 70 சதவீதத்துக்கு செட் பண்ணுங்கள், பிரச்சினை தீர்ந்துவிடும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன், இதுவரை ஒன்றும் சிவந்ததில்லை. குளிர் ஒரு காரணமே இல்லை, குளிருக்கு நல்லதுதான் நடக்கும்.


வால்வுரேடியோ_ஊட்டி

கோத்தகிரி தம்பி, டியூபைத் தூக்கிப் போடாதீர்கள். சாயங்காலம் மணிக்கணக்கில் சிவக்காமல் ஓடுகிற டியூபைக் கெட்டது என்று சொல்ல இன்னும் ஆதாரம் போதவில்லை. மூன்று அளவுகளை எடுத்து இங்கே போடுங்கள், அப்புறம் பேசலாம்.

ஒன்று, சுவர் சாக்கெட்டில் லைன் ஓல்டேஜ். ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு தடவை, ராத்திரி சிவக்கிற நேரத்துக்கு ஒரு தடவை. கூடவே அந்தந்த நேரத்தில் பிளேட் வோல்ட், இரண்டு கேத்தோடு மில்லிவோல்ட். ராத்திரி அளவு எடுக்கும்போது டியூபைப் பார்த்துக்கொண்டே இருங்கள், சிவப்பு தட்டியதும் எண்ணை எழுதிவிட்டு உடனே ஸ்டாண்ட்பை.

இரண்டு, டியூப் இரண்டையும் சாக்கெட் மாற்றிப் போடுங்கள். சிவப்பு டியூபோடு போகிறதா, சாக்கெட்டிலேயே நிற்கிறதா? டியூபோடு போனால் அந்த டியூப் அதிகமாக இழுக்கிறது, சாக்கெட்டில் நின்றால் அந்தப் பக்கத்துக் கப்ளிங் கண்டன்சரோ, கிரிட் ரெசிஸ்டரோ, சாக்கெட் பின்னோ. காசு செலவில்லாத சோதனை, இதைச் செய்யாமல் யாரும் டியூப் வாங்கக்கூடாது என்பேன்.

மூன்று, ஈஎல்34 இரண்டையும் கழற்றிவிட்டு ஆம்பைப் போட்டு, இரண்டு சாக்கெட்டிலும் 5-ஆம் பின்னில், அதாவது கிரிட்டில், வருகிற நெகட்டிவ் வோல்டேஜைப் பாருங்கள். பிரீசெட்டிலிருந்து கிளம்புகிற இடத்தில் எவ்வளவோ அதே அளவு இரண்டு பின்னிலும் வர வேண்டும். டியூப் இல்லாதபோது கிரிட்டுக்குக் கரண்ட் போக வழியே இல்லை, அதனால் பிரீசெட்டுக்கும் அந்தப் பின்னுக்கும் நடுவே இருக்கிற 220 கே ரெசிஸ்டரின் குறுக்கே அரை வோல்ட் விழுந்தாலும் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. ஃபேஸ் இன்வெர்ட்டரிலிருந்து (பவர் டியூப் இரண்டுக்கும் சிக்னலைப் பிரித்துக் கொடுக்கிற பகுதி) வருகிற 0.022 கண்டன்சர்தான் முதல் சந்தேகம். டியூப் இல்லாமல் சரியாக இருந்து, மாட்டிய பிறகு மட்டும் அந்த ரெசிஸ்டரில் வோல்ட் விழுந்தால் டியூபுக்குள் வாயு சேர்ந்து கிரிட் கரண்ட் ஓடுகிறது, அப்போது மட்டும் குன்னூர் தம்பி சொல்வது போல டியூப் போயிற்று என்று நம்பலாம். ஈஎல்34 நல்ல வேகமான டியூப், நீங்கள் ஓட்டுகிற இடத்தில் கிரிட்டில் ஒரு வோல்ட் மாறினாலே கேத்தோடில் ஐந்து ஆறு மில்லிஆம்ப் நகரும்.

இந்த மூன்றாவது சோதனையை ராத்திரி செய்ய வேண்டாம், சாயங்காலமே முடித்துவிடுங்கள். டியூப் இழுக்காதபோது எச்டி, அதாவது பிளேட்டுக்குப் போகிற உயர் வோல்டேஜ், மேலே ஏறும், உங்கள் ஃபில்டர் கண்டன்சர் அநேகமாக 500 வோல்ட் ரகம், ராத்திரி லைன் ஏறியிருந்தால் இரண்டும் சேர்ந்து அதைத் தாண்டிவிடும்.

கை ஜாக்கிரதை. கறுப்பு வயரை கிளிப் போட்டு சேஸிஸில் மாட்டிவிடுங்கள், சிவப்பை ஒரே கையால் பிடியுங்கள், இன்னொரு கை பாக்கெட்டில். ஆஃப் செய்த பிறகும் கண்டன்சரில் 400 வோல்ட் உட்கார்ந்திருக்கும். 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை, 10 கே வாக்கில், நீளமான இன்சுலேட்டட் வயரில் வைத்து இறக்கி, மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகுதான் உள்ளே விரல். இதை நான் ஒவ்வொரு தடவையும் எழுதுகிறேன், இனியும் எழுதுவேன்.


நடுவட்டம்_ப்ளூஸ்

ஊட்டி அண்ணா சொன்ன மூன்றாவது சோதனையை யாரும் லேசாக விட்டுவிட வேண்டாம், மலையில் இருக்கிறவர்களுக்கு அதுதான் உயிர். எங்கள் பக்கம் ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, துணிமணியே காயாது. என்னிடம் எழுபதுகளின் அமெரிக்க காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) ஒன்று இருக்கிறது. அதற்குள் பாகங்கள் எல்லாம் மெழுகு பூசிய கறுப்பு ஃபைபர் அட்டையில் குத்திய உலோக வளையக் கண்களில் உட்கார்ந்திருக்கும். அந்த அட்டை வருஷக்கணக்கில் ஈரத்தைக் குடித்துக் குடித்து லேசாகக் கரண்ட் கடத்த ஆரம்பித்துவிட்டது. 400 வோல்ட் இருக்கிற கண்ணுக்கும் பயாஸ் வயர் இருக்கிற கண்ணுக்கும் நடுவே விரல் அகலம்தான் இடைவெளி. மழைக்காலத்தில் பயாஸ் மெதுவாக மேலே நகரும், வெயில் வந்தால் இறங்கும், எந்தப் பாகத்தை மாற்றினாலும் தீராது.

கண்டுபிடிக்க எளிய வழி: ஆம்பைப் போட்டுவிட்டு, மீட்டரின் கறுப்பை சேஸிஸில் மாட்டி, சிவப்பு முனையை ஒன்றுமே இல்லாத வெற்று அட்டையின் மேல் லேசாக அழுத்துங்கள். பூஜ்யம் வர வேண்டும். அங்கேயும் இங்கேயும் சில வோல்ட், சில இடத்தில் பத்துக்கு மேல் காட்டினால் அட்டைதான் குற்றவாளி. ஆஃப் செய்து, கண்டன்சரைக் காலி செய்து, ஹேர் டிரையரால் மெதுவாகச் சூடு காட்டிவிட்டு மறுபடி அளந்தால் இறங்கியிருக்கும். அது தற்காலிகம்தான். நான் கடைசியில் கிரிட் பக்கத்து ரெசிஸ்டர்களையும் பயாஸ் வயரையும் அட்டையை விட்டே தூக்கி, சாக்கெட்டின் பின்னிலேயே சால்டர் செய்து காற்றில் நிறுத்திவிட்டேன். இப்போது எந்த மழைக்கும் நகர்வதில்லை.

உங்களுடையது புதிதாகக் கட்டியது, அட்டை கிளாஸ் எபாக்ஸியாக இருந்தால் இந்தக் கவலை குறைவு. ஆனால் கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழை நன்றாகவே உண்டு, அதனால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வெளியே ஜீப்பில் குளிர்ந்து கிடந்த ஆம்பை ஜனக்கூட்டத்தோடு சூடாக இருக்கிற ஹாலுக்குள் கொண்டுவந்ததும் போடாதீர்கள், உள்ளே வியர்த்திருக்கும். அரை மணி நேரமாவது சும்மா வையுங்கள்.

அமெரிக்க ஆம்ப் வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குக் கட்டியது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், நம் 50 ஹெர்ட்ஸை மாற்றாது. அதே 120 வோல்ட்டை 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் பவர் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் காந்தப் பாய்வு 20 சதவீதம் கூடும், தொட்டுப் பார்த்தாலே சூடு தெரியும். இங்கே கடையில் கிடைக்கிற 110 வோல்ட் ஸ்டெப் டவுன் அந்த வகையில் கொஞ்சம் நல்லதுதான், பயாஸை மட்டும் அந்த 110-இல் வைத்தே செட் செய்ய வேண்டும்.


கொடை_ரிதம்

கொடைக்கானலிலிருந்து என் பங்குக்கு. சாக்கெட் பின்னைப் பாருங்கள். வத்தலக்குண்டு மலைச்சாலையில் ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, என் காம்போவில் தலைகீழாகத் தொங்குகிற பவர் டியூப் சாக்கெட்டில் பிடி தளர்ந்துவிட்டது. 5-ஆம் பின்னில் தொடர்பு விட்டால் அந்தக் கணத்தில் டியூபுக்கு பயாஸே இல்லை, கட்டுப்பாடு போய் அத்தனை கரண்டையும் இழுத்துச் சிவக்கும். ஆஃப் செய்து, எல்லாவற்றையும் காலி செய்து, டியூபைக் கழற்றி, மெல்லிய ஊசியால் சாக்கெட்டின் உள்தகடுகளைக் கொஞ்சம் நெருக்கி விட்டால் இறுகும். உங்களுக்கு ராத்திரி மட்டும் என்பதால் அது இதுவாக இருக்காது, ஆனாலும் மலையில் ஆம்பைத் தூக்கிக்கொண்டு திரிகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டியது.

கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஆம்பைப் போடுகிறீர்களா? ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் அப்போது அளக்கிற எந்த எண்ணையும் நம்ப வேண்டாம். நம் லைன் 230 என்றால் அதன் உச்சி 325 வோல்ட், ரெக்டிஃபையர் அந்த உச்சியைத்தான் பிடித்து எச்டியாக்குகிறது. சதுர அலையில் 230-க்கு உச்சியும் 230 தான். ஹீட்டர் வழக்கம் போல எரியும், பிளேட் வோல்டேஜ் மட்டும் படுத்துவிடும். அந்த நேரத்தில் பயாஸை ஏற்றி செட் செய்துவிட்டால் கரண்ட் வந்ததும் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.


ஆறுதந்தி_கோத்தகிரி

எல்லோருக்கும் நன்றி. அளந்துவிட்டேன்.

சாயங்காலம் 7 மணி: லைன் 204 வோல்ட். பிளேட் 411. கேத்தோடு 42, 48.
ராத்திரி 11.30: லைன் 241 வோல்ட். பிளேட் 478. கேத்தோடு 53, 61. சிவப்பு தெரிந்தது.

சாக்கெட் மாற்றிப் போட்டேன், சிவப்பும் அந்தப் பெரிய எண்ணும் டியூபோடு போகிறது. டியூப் இரண்டையும் கழற்றி 5-ஆம் பின்னைப் பார்த்தேன், இரண்டிலும் ஒரே அளவு, பிரீசெட்டில் இருப்பதும் அதே. 220 கே-யில் ஒன்றும் விழவில்லை, டியூப் மாட்டிய பிறகும் விழவில்லை. அட்டை பச்சை நிற கிளாஸ் எபாக்ஸி, வெற்று இடத்தில் பூஜ்யம்தான். சாக்கெட் இறுக்கமாக இருக்கிறது.

லைன் இவ்வளவு ஆடும் என்று தெரியாது. எங்கள் வீடு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசி. சாயங்காலம் எல்லோரும் கெய்சர், ஹீட்டர் போட்டதும் விளக்கு மங்கும், அது எப்போதும் உள்ளதுதான். ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. லைன் ஏறினால் பிளேட் வோல்டேஜ் ஏறும், சரி. பயாஸின் நெகட்டிவ் வோல்டேஜும் அதே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்துதானே வருகிறது, அதுவும் கூடவே ஏறி டியூபை அடக்க வேண்டாமா?


வால்வுரேடியோ_ஊட்டி

நல்ல கேள்வி தம்பி, இதைக் கேட்டதற்காகவே நீட்டி எழுதுகிறேன்.

பயாஸும் கூடவே ஏறுகிறது, உண்மை. அது ஏறாமல் இருந்திருந்தால் உங்கள் டியூப் முதல் ராத்திரியே போயிருக்கும். ஆனால் அது பாதி வேலைதான் செய்கிறது. டியூபில் ஓடுகிற கரண்ட், கிரிட்டும் ஸ்கிரீனும் சேர்ந்து கேத்தோடின் மேல் காட்டுகிற வோல்டேஜின் ஒன்றரை அடுக்காகப் போகும், இது டியூபின் அடிப்படை விதி. எல்லா வோல்டேஜும் ஒரே விகிதத்தில் ஏறினால் கரண்ட் அந்த விகிதத்தின் ஒன்றரை அடுக்கில் ஏறும். வாட் என்பது கரண்டை பிளேட் வோல்ட்டால் பெருக்குவது, அதனால் வாட் இரண்டரை அடுக்கில் ஏறும்.

உங்கள் எண்ணையே போட்டுப் பாருங்கள். 204-இலிருந்து 241, அதாவது 18 சதவீதம் ஏற்றம். கரண்ட் 28 சதவீதம் ஏற வேண்டும், நீங்கள் அளந்தது 48-இலிருந்து 61, கிட்டத்தட்ட அதுவே. வாட் 50 சதவீதம் ஏற வேண்டும். சாயங்காலம் அந்த டியூப் 48 மில்லிஆம்பை 411-ஆல் பெருக்கினால் 19.7 வாட், ராத்திரி 61-ஐ 478-ஆல் பெருக்கினால் 29 வாட். கேத்தோடில் நீங்கள் படிப்பதில் ஸ்கிரீன் கரண்டும் கலந்திருக்கிறது, ஈஎல்34-இல் அது எட்டில் ஒரு பங்கு போலப் போகும், அதைக் கழித்தாலும் பிளேட்டில் 25 வாட்டைத் தாண்டிவிட்டது. அதன் எல்லையே 25. சிவக்காமல் என்ன செய்யும்? டியூப் கெடவில்லை, கண்டன்சர் ஒழுகவில்லை, பயாஸ் நகரவும் இல்லை. நீங்கள் செட் செய்த நேரத்தில் லைன் படுத்திருந்தது, அவ்வளவுதான்.

குளிர் பற்றிக் கேட்டீர்கள். பிளேட் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சிவக்கிறது என்றால் அது 500 டிகிரியைத் தாண்டிவிட்டது. சுற்றி இருப்பது வெற்றிடம், சூடு பெரும்பாலும் கதிராகத்தான் கண்ணாடிக்குப் போக வேண்டும். அறை 32 டிகிரியா 10 டிகிரியா என்பது அந்த 500-க்கு முன் ஒன்றுமே இல்லை. போதாக்குறைக்கு மலையில் காற்று மெலிவு. ஊட்டி 2,240 மீட்டர், இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல்தான், கண்ணாடியிலிருந்தும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தும் சூட்டை அள்ளிக்கொண்டு போகிற காற்று அந்த அளவுக்குக் குறைச்சல். குளிரை நம்பி ஒரு மில்லிஆம்பும் கூட்டாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. ராத்திரி லைன் எப்போது உச்சத்துக்கு வருகிறதோ அப்போது ஆம்பைத் திறந்து, அதிகம் இழுக்கிற டியூபை வைத்துக் கணக்குப் போடுங்கள். பிரீசெட்டைக் குறைத்ததும் இழுப்பு குறைந்து பிளேட் வோல்டேஜ் கொஞ்சம் ஏறும், 485 பக்கம் வந்து நிற்கலாம். 17.5 வாட்டை அதால் வகுத்தால் 36. அதிகம் இழுக்கிற டியூப் 36-ஐத் தாண்டக்கூடாது, அடுத்தது 31, 32-இல் நிற்கும், நிற்கட்டும். குறைத்துவிட்டு பிளேட்டை மறுபடி அளந்து மறுபடி திருத்த வேண்டும், ஒரே தடவையில் சரியாக உட்காராது. 70 சதவீதத்தை எல்லோரும் போய்ச் சேர வேண்டிய ஊர் மாதிரி எழுதுகிறார்கள், அது மேல்வரம்பு. உங்கள் வீட்டு லைனின் மிக மோசமான நேரத்தில், உங்கள் ஜோடியில் மிக அதிகம் இழுக்கிற டியூபுக்கு உள்ள மேல்வரம்பு. அதற்குக் கீழே 50 சதவீதம் வரைக்கும் எங்கே நிறுத்துவது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

காதில் எதைக் கேட்பது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு கார்டை அடித்து அப்படியே அடங்க விடுங்கள். சத்தம் மிகவும் தேய்ந்து போகிற இடத்தில் சரசரவென்று காய்ந்த இலை மிதித்தது போல ஒரு பிசிறு கேட்டால் பயாஸ் மிகவும் குளிர்ந்துவிட்டது, அதாவது டியூபில் கரண்ட் மிகக் குறைந்துவிட்டது, இரண்டு டியூபும் ஒன்றிடமிருந்து ஒன்று சிக்னலை வாங்கிக்கொள்கிற இடத்தில் இடைவெளி விழுகிறது. அந்தப் பிசிறு மறைகிற அளவுக்கு ஏற்றினால் போதும், அதற்கு மேல் ஏற்றுவது டியூபின் ஆயுளைத்தான் தின்னும்.


பிக்கப்_குன்னூர்

அண்ணா, அப்படியானால் சாயங்காலம் 204 இருக்கும்போது 28 மில்லிஆம்புக்கு இறங்கிவிடுமே, அது ரொம்பக் குறைவு இல்லையா? நிகழ்ச்சியில் முதல் பாதி முழுக்க மெலிந்து கேட்கும். ஸ்டெபிலைசர் போட்டால் இந்தக் கணக்கே வேண்டாம் அல்லவா?


வால்வுரேடியோ_ஊட்டி

28 மில்லிஆம்ப், 415 வோல்ட், 11.6 வாட், அதாவது 46 சதவீதம் வருகிறது. கொஞ்சம் குளிர்தான், ஆனால் ஈஎல்34 அதில் கெட்டுப்போகாது, நிறைய பேர் ஓவர்டிரைவுக்கு அப்படி இறுக்கமாக இருப்பதையே விரும்புகிறார்கள். 204-இல் மெலிந்து கேட்பதற்கு பயாஸ் மட்டும் காரணமும் இல்லை, ஹீட்டரே 6.3-க்குப் பதில் 5.6 வோல்ட்டில் எரிகிறது, அது பத்து சதவீத வரம்புக்கும் கீழே. ஆக லைனைச் சரி செய்வது எப்படியும் நல்லது.

ஸ்டெபிலைசரில் ஒரு விஷயம். ஃபிரிட்ஜுக்குப் போடுகிற ரிலே ரகம் படிப்படியாகத் தாவும், வாசித்துக்கொண்டிருக்கும்போது டக் டக் என்று மாறுவது ஸ்பீக்கரில் கேட்கும், அதோடு வெளியே வருகிற வோல்டேஜ் இருபது வோல்ட்டுக்கு மேலேயே ஆடலாம். சர்வோ ரகம் நல்லது, விலை அதிகம். நான் சிபாரிசு செய்வது சின்ன டிம்மர்ஸ்டாட், கையால் திருகி வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர், 2 ஆம்ப் ரகமே இந்த ஹெட்டுக்குத் தாராளம், பக்கத்தில் ஒரு ஏசி மீட்டர். வாசிக்கப் போகும் முன் 230-க்குத் திருகி வைத்துவிட்டு, இடைவேளையில் ஒரு பார்வை. லைன் ராத்திரி ஏறும்போது யாராவது ஒருவர் ஞாபகமாகக் குறைக்க வேண்டும், அந்த ஆள் கிடைக்காவிட்டால் வேண்டாம், ஏனென்றால் சாயங்காலம் 204-ஐ 230-க்கு ஏற்றி வைத்த டிம்மர்ஸ்டாட் ராத்திரி 241 வரும்போது 270-ஐக் கொடுக்கும். அது பயாஸ் தவறாக இருப்பதைவிட ஆபத்து.


ஆறுதந்தி_கோத்தகிரி

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு மேல் உட்கார்ந்து செட் செய்தேன். லைன் 242. பிளேட் 487, கேத்தோடு 31, 35. 17 வாட் சொச்சம். ஒரு மணி வரை வாசித்தேன், விளக்கை அணைத்துவிட்டும் பார்த்தேன், ஃபிலமென்ட் ஆரஞ்சு மட்டும்தான், தகடு கறுப்பாகவே இருக்கிறது. இன்று சாயங்காலம் 206-இல் பிளேட் 418, கேத்தோடு 24, 27. கார்டு அடங்கும்போது காதை வைத்துக் கேட்டேன், பிசிறு இல்லை. முன்பு இருந்த அந்தத் தடிப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் பேஸ் தந்தி இறுகிவிட்டது, பாட்டுக்கு இது இன்னும் ஒட்டுகிறது.

நிகழ்ச்சி நடக்கிற இடத்தில் ஜெனரேட்டர். அதற்கு என்ன செய்வது? டிம்மர்ஸ்டாட்டைக் கவனிக்க ஆள் இல்லை.


கொடை_ரிதம்

ஜெனரேட்டரில் நான் வாசித்திருக்கிறேன். சவுண்ட் செட்காரரிடம் சொல்லி, விளக்குகளையும் ஆம்ப் லைனையும் தனித்தனி ஃபேஸில் எடுக்கச் சொல்லுங்கள். எல்லா விளக்கும் எரிகிறபோது ஒரு தடவை, அத்தனையும் அணைத்தபோது ஒரு தடவை சாக்கெட்டில் அளந்து பாருங்கள். இரண்டும் 215-க்கும் 240-க்கும் நடுவே இருந்தால் இப்போது வைத்திருக்கிற செட்டிங்கே போதும், தொட வேண்டாம். 245-க்கு மேல் காட்டினால் அவரிடம் ஜெனரேட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னரையும் ஓல்டேஜையும் சரிபார்க்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகு ஆம்பை மாட்டுங்கள்.

இன்னொன்று, எச்டி ஃபியூஸ் தனியாக இருக்கிறதா? இந்த சர்க்யூட்டுக்கு 500 மில்லிஆம்ப் ஸ்லோ ப்ளோ. அது இல்லாமல் மெயின் ஃபியூஸை மட்டும் நம்பினால் ஒரு டியூப் ஷார்ட் ஆகும்போது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு போகும்.


ஆறுதந்தி_கோத்தகிரி

பின்பக்கம் இரண்டு ஃபியூஸ் ஹோல்டர் இருக்கிறது, எச்டி என்று எழுதியதைத் திறந்து பார்த்தேன், உள்ளே 1 ஆம்ப் இருந்தது. நாளை குன்னூர் போகிறேன், 500 மில்லிஆம்ப் ஸ்லோ ப்ளோ நாலைந்து வாங்கி, ஒன்றை மாட்டிவிட்டு மற்றதை ஹெட்டுக்குள்ளேயே டேப் போட்டு ஒட்டி வைத்துவிடுகிறேன். ஜெனரேட்டரில் அளந்த எண்ணையும் நிகழ்ச்சி முடிந்ததும் இங்கே போடுகிறேன்.